மேலிருந்து இறங்கிய வாணம்

என் இரண்டு கண் மேல் சத்தியம். சாதாரணக் கண் இல்லை, நர்ஸ் பிள்ளை இப்போதுதான் சொட்டு மருந்து விட்டு, "தாத்தா, கூப்பிடுற வரைக்கும் தொறக்கக் கூடாது, தொறந்தீங்கன்னா மறுபடி முதல்ல இருந்து விடுவேன்" என்று மிரட்டி மூடிவிட்டுப் போயிருக்கிற கண். அந்தக் கண் மேல், அம்மன் மேல், என் பேரப்பிள்ளைகள் தலை மேல் அடித்துச் சொல்கிறேன், இனி சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. சிரிக்காதீர்கள். ராஜகனி சத்தியம் பண்ணுகிறான் என்றால் சிவகாசியில் டீ ஆற்றுகிறவன்கூடக் கிளாசைக் கீழே வைத்துவிட்டுத்தான் சிரிப்பான், தெரியும். கப்சா கனி என்று பேர் வைத்த ஊர். வைத்துவிட்டுப் போகட்டும். எரிகிறது. மருந்துதான் எரிகிறதா, வயிறு எரிகிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கண்ணில் விட்ட மருந்து எப்படியோ தொண்டைக்கு இறங்கி நாக்கின் அடியில் கசக்கிறது. கண்ணுக்கும் நாக்குக்கும் உள்ளே ஏதோ வாய்க்கால் இருக்கிறது போல, அதனால்தான் கண் பார்த்ததை நாக்கு சொல்லியே தீருவேன் என்கிறது. கண் ஆஸ்பத்திரி பெஞ்சு. எனக்கு இடப்பக்கம் என் அக்கா சீனியம்மாள், அவளுக்கு அந்தப் பக்கம் அவள் வீட்டுக்காரர், என் அத்தான் தவசிலிங்கம். அவருக்கும் புரை, எனக்கும் புரை, ஒரே நாளில் காட்டிவிடலாம் என்று இரண்டு பேரையும் அக்காதான் ஆட்டோவில் அள்ளிப்போட்டுக் கொண்டுவந்தாள். இரண்டு குருட்டு ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஆஸ்பத்திரிச் சீட்டை விசிறியாக்கி வீசிக்கொண்டிருக்கிறாள். அந்தக் காற்று எனக்கு ஒரு வீச்சு, அவருக்கு ஒரு வீச்சு. அவருக்குப் போகிற காற்றைக்கூட என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. இன்றைக்கு மட்டும் இல்லை. அன்றைக்கு அந்தியில் ஆரம்பித்தது.

எதிர்ச்சுவரில் டிவி. பார்க்க முடியாது, கேட்கலாம், கேட்காமல் இருக்கத்தான் முடியாது. வருசக் கடைசி, அதனால் வருசத்தைத் திருப்பிப் பார்க்கிறார்களாம். பின்னால் ஊளை மாதிரி ஒரு சங்கீதம். இந்த ஆண்டு முழுவதும் உலகத்தின் பார்வையை வானத்தை நோக்கித் திருப்பிய பறக்கும் தட்டுகள் என்கிறான். திருப்பினார்களாம். நான் கழுத்து வலிக்க வலிக்கப் பார்த்துவிட்டுச் சொன்னபோது எவன் திருப்பினான்? அமெரிக்காவில் சபையைக் கூட்டி, விமானப்படையில் இருந்த ஒருத்தன் கையைத் தூக்கிச் சத்தியம் பண்ணி, மனுசன் செய்யாத வண்டி எங்கள் அரசாங்கத்திடம் இருக்கிறது, நான் பார்க்கவில்லை, பார்த்தவர்கள் எனக்குச் சொன்னார்கள் என்றானாம். பார்த்தவர்கள் சொன்னார்களாம்! அவன் பார்க்கக்கூட இல்லை, அவனுக்குக் கோட்டு, டை, முன்னால் மைக்கு, பக்கத்தில் தண்ணீர் பாட்டில். நான் நேரில் பார்த்தவன், எனக்கு டீக்கடையில் முதுகில் ஒரு தட்டு, "கனி அண்ணே, அடுத்து?" என்று ஒரு சிரிப்பு. அப்புறம் விண்வெளி ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு குழு போட்டுப் பெரிய அறிக்கை விட்டார்களாம், வேற்றுக்கிரகம் என்பதற்கு ஆதாரம் இல்லை, ஆனால் என்னவென்று சொல்லவும் முடியவில்லை என்று. இதை எழுத ஒரு குழுவா? எங்கள் ஊர்க் கிணற்றடியில் கேட்டிருந்தால் இதையேதான் சொல்லியிருப்பார்கள். மெக்சிகோவில் பெட்டிக்குள் வற்றிப்போன இரண்டு உருவத்தைக் கொண்டுவந்து சபையில் வைத்துக் காட்டினான் ஒருத்தன், மூன்று விரல், நாலு நாளைக்கு எல்லா வாயும் அதையே மென்றது. வடகிழக்கே ஒரு விமான நிலையத்தில் ஏதோ தெரிந்தது என்று கொஞ்ச நேரம் விமானத்தையே இறங்க விடவில்லை. பறக்கும் தட்டு என்று சொல்லக்கூடாதாம் இனிமேல், பேரை மாற்றிவிட்டார்கள், அடையாளம் தெரியாத நிகழ்வு என்று சொல்ல வேண்டுமாம். பேரை மாற்றினால் கௌரவம் வந்துவிடுகிறது. என் பேரை எவனாவது மாற்றினானா? இந்தத் தீபாவளிக்கு எங்கள் ஊரிலேயே ஏலியன் என்று ஒரு ரகம் போட்டார்கள், டப்பாவில் பச்சை முகமும் முட்டைக் கண்ணும். சுற்றிக்கொண்டே கொஞ்சம் எழும்பும், புஸ்ஸென்று விழும். அதை வாங்க வரிசை. நான் சொன்னால் கப்சா, டப்பாவில் போட்டால் சரக்கு.

சொல்லிவிடுகிறேன், அது எப்படி வந்தது என்று. நான் வாலிபனாக இருந்த காலம், ஒரு தீபாவளிக்கு முன்னால், அந்தி, வெளிச்சம் முழுக்கப் போகவில்லை. நான் அப்போது லோடுமேன், கம்பெனி வாசலில் லாரி மேல் ஏறிப் பண்டல் அடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தேன். கடைசி முடிச்சை இறுக்க மல்லாந்து படுத்து, காலை உதைத்துக்கொண்டு இழுக்க வேண்டும். இழுத்தேன். அதனால் என் மூஞ்சி வானத்துக்கு நேரே இருந்தது, வேறு காரணம் இல்லை, ஞானமும் இல்லை, நட்சத்திர ஆராய்ச்சியும் இல்லை, முடிச்சு. உச்சியில் ஒரு புள்ளி. புள்ளி பெரிதாயிற்று. இறங்கியது. மேலே இருந்து கீழே. கேட்டீர்களா, மேலே இருந்து கீழே. சத்தம் இல்லை, வால் இல்லை, பொறி இல்லை. கண்மாய்க்கு மேலே வந்து நின்றது, ஒரு பீடி குடிக்கிற நேரம் நின்றது. வெள்ளை. புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி வெள்ளை, அந்த வெளிச்சத்தில் லாரி டிரைவரின் முகத்தில் அம்மைத் தழும்பை நான் எண்ணியிருக்கலாம். அப்புறம் கொடியில் கிடக்கிற துண்டை ஒருத்தன் உருவுகிற மாதிரிப் பக்கவாட்டில் போய்விட்டது. நின்ற பிறகுதான் மற்றவர்கள் எல்லாம் பார்த்தார்கள். ஷிப்ட் முடிந்து பஸ்ஸுக்கு நின்றவர்கள், பெண்டு பிள்ளைகள், கணக்கப்பிள்ளை, எல்லாரும். வேறு ஊராக இருந்தால் என்ன செய்திருப்பான்? சாமி என்று விழுந்திருப்பான், பேய் என்று ஓடியிருப்பான். எங்கள் ஊர்க்காரன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "யார் சரக்குடா இது?" என்றான். "புகையே இல்ல பாரு." "சத்தத்த எப்படி அமுக்குனான்?" "கீழ இறங்காம நிக்கிதே, பாராசூட் வச்சிருப்பானோ." "அந்த மேற்கத்திக் கம்பெனிக்காரன் வேலையாத்தான் இருக்கும், போன மாசமே ஏதோ புதுசு பண்றான்னு காதுல விழுந்துச்சு." நான் லாரி மேலே இருந்து கத்துகிறேன், அது மேல இருந்து வந்துச்சுடா, வாணம்னா கீழ இருந்து மேல போகணும், இது மேல இருந்து கீழ வந்துச்சு. ஒருத்தன் அண்ணாந்து பார்த்து, "கொழும்புக்குப் போயிட்டுத் தென்னங்கீற்றோட திரும்பி வந்துச்சே உன் ராக்கெட்டு, அது மாதிரியா?" என்றான். அந்த ராக்கெட் வேறு விஷயம். அது போனது உண்மை. திரும்பி வந்ததைப் பற்றி இன்னொரு நாள் பேசலாம். அந்த நேரம் பார்த்து வெடிமருந்து கலக்கிற அறையில் இருந்து கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார் போர்மேன் தவசிலிங்கம், என் அத்தான். முதலாளி அவரைப் பார்த்தார், எல்லாரும் பார்த்தார்கள். "நம்ம சரக்கா தவசி?" என்று கேட்டார் முதலாளி. ஆசையோடு கேட்டார். அத்தான் துடைத்துக்கொண்டிருந்த துணியை நிறுத்தி, "ஆமா மொதலாளி, ஒரு டிரையல் போட்டுப் பாத்தேன்" என்றார். தீர்ந்தது. அவ்வளவுதான். ஊர் அவரைத் தூக்கிவிட்டது. மறுநாள் டெல்லி ஏஜெண்ட், பம்பாய் ஏஜெண்ட். கொஞ்ச நாளில் சொந்தமாக ஷெட். ரகம் எங்கே என்றால், அந்தச் சரக்கு இப்ப வர்றதில்லை, காத்து சரியில்லை, ஈரப்பதம். ஒரு தடவைகூட மறுபடி வரவில்லை, ஆனாலும் நம்பினார்கள், ஏனென்றால் அவர் அதிகம் பேசமாட்டார். பேசாதவன் சொல்கிற ஒரு பொய் போதும், வாழ்நாளுக்குக் காணும். நிறத்தைக் கேட்டவர்களிடம் பச்சை என்றார். ஒரு மாசத்தில் ஊர் முழுக்கப் பச்சையைப் பார்த்திருந்தது. வெள்ளையைப் பார்த்தவன் நான் ஒருத்தன் மிச்சம். ஏன் பச்சை என்று சொன்னார் என்று அன்றைக்கு இருந்து யோசிக்கிறேன். பொய் சொல்வதே சொல்கிறாய், பக்கத்தில் நிற்கிறவன் பார்த்த நிறத்தையாவது சொல்லித் தொலைக்கக் கூடாதா.

இத்தோடு நின்றிருந்தால் நான் இந்நேரம் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். பொய் எனக்குப் பகையில்லை. நானும் அந்தக் கடையில் சாமான் வாங்குகிறவன்தான். நிற்கவில்லை. அருஞ்சுனை வளர்ந்தான். அக்காவின் ஒரே மகன், என் மடியில் உட்கார வைத்துக் காது குத்திய பயல், தட்டான் ஊசியை எடுத்ததும் என் தொடையை நனைத்தவன். "மாமா, அப்பா போட்ட வாணத்த நீங்க பாத்தீங்கல்ல, சொல்லுங்க" என்பான். நான் சொன்னேன். மேலே இருந்து கீழே என்று சொன்னேன். அவனும் சிரித்தான், "மாமா உங்க கப்சாவ விடுங்க" என்று. விருதுநகர் காலேஜில் கெமிஸ்ட்ரி படித்தான், புகையில்லாமல், சத்தமில்லாமல், நின்று எரிகிற பச்சை. அதுதான் பேச்சு, அதுதான் சோறு. ஆனி மாசம், மத்தியானம், வெயில் தாங்காமல் கோழிகூடச் சுவரோரம் வாயைத் திறந்துகொண்டு நின்ற மத்தியானம், ஷெட்டுப் பக்கம் இருந்து சத்தம் கேட்டது. இல்லை, இதைச் சொல்லவேண்டாம். சத்தத்தை அமுக்குகிற வழியைக் கண்டுபிடிக்கப் போனவன். வேண்டாம். அக்கா அன்றைக்கு அழுததை விட அடுத்த வாரம் சொன்னதுதான் எனக்குப் பயம். "அவுக செஞ்சதத்தானே செய்யப் போனான். கிட்ட வந்துட்டான் தம்பி. ஒரு சிட்டிகைதான் குறைஞ்சு போச்சு." அதைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து உட்கார்ந்தாள், அதைப் பிடித்துக்கொண்டுதான் சோறு தின்றாள். ஒவ்வொரு தீபாவளிக்கும் மொட்டை மாடியில் நின்று மற்றவன் வாணத்தை எல்லாம் பார்த்துவிட்டு, "இது எதுவும் எம் மகன் செய்ய இருந்ததுக்கு ஈடாகுமா" என்பாள். சிட்டிகை. எதில் சிட்டிகை? இல்லாத ஒன்றில் எந்தச் சிட்டிகை குறையும்? இது என் வாய் வரைக்கும் வந்து வந்து நிற்கிறது, இந்த மருந்துக் கசப்பு மாதிரி, துப்பவும் முடியவில்லை. இன்றைக்குத் துப்பிவிடலாம் என்றுதான் வந்திருக்கிறேன். என் மகள் ஏதோ வீடியோவுக்குக் கீழே கிண்டலாக, எங்கப்பாவும் சிவகாசியில பாத்திருக்காராம் என்று எழுதிப் போட, பெங்களூரில் இருந்து ஒரு பிள்ளை பிடித்துக்கொண்டாள், யாமினி என்று பேர். பழைய சாட்சிகளைத் தேடி ஊர் ஊராகப் போகிறவளாம். காலையில் போனில் பேசினாள். மத்தியானம் ரயில், அதனால் ஆஸ்பத்திரிக்கே வந்துவிடுகிறேன் என்றாள். கடைசியில் ஒன்று சொன்னாள், "நீங்க பார்த்தத அப்படியே சொல்லுங்க ஐயா, நான் நம்புறேன்." என்னிடம் அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை, கட்டிய மனைவிகூட. ஒரு தடவை. சாவதற்குள் ஒரே ஒரு தடவை, நான் சொல்வதைக் கேட்டு ஒரு மனுசப் பிறவி ஆமாம் என்று தலையை ஆட்டவேண்டும்.

அக்கா எழுந்திருக்கிறாள், சேலை சரசரக்கிறது, "ரெண்டு பேரும் கண்ணத் தொறக்காம இருங்க, டீ வாங்கியாரேன்" என்கிறாள். செருப்புச் சத்தம் தேய்ந்துகொண்டே போகிறது. எங்களுக்கு நடுவில் அவள் உட்கார்ந்திருந்த சூடு மட்டும் பெஞ்சில் இருக்கிறது. மின்விசிறி கடகட என்கிறது. டிவியில் யாரோ ஒரு நிபுணர், பெரும்பாலானவை பலூன்கள், செயற்கைக்கோள்கள், பார்வைப் பிழைகள் என்கிறார். பார்வைப் பிழையாம். வா, என் பக்கத்தில் வந்து உட்காரு, சொட்டு விட்டுக்கொள். "மாப்ள" என்கிறார் அத்தான். நான் டிவிப் பக்கம் காதைத் திருப்பிக்கொள்கிறேன். "மாப்ள, தூங்கிட்டியா." "இந்த எரிச்சல்ல தூக்கமா வரும்?" "எனக்குந்தான் எரியுது." எரியட்டும். "அந்தப் பிள்ளை வருதாமே, உங்க அக்கா சொன்னா." "வரட்டும்." "என்ன சொல்லப்போற?" "பாத்தத." அவர் மூச்சு விடுவது கேட்கிறது, வெடிமருந்துத் தூசி அடைத்த நெஞ்சு, பழைய துருத்தி மாதிரி. சொல்லாதே என்று கெஞ்சுவார், கெஞ்சட்டும், அதற்குப் பதில் வைத்திருக்கிறேன், எத்தனையோ வருசமாகத் தீட்டி வைத்திருக்கிறேன், ஒரு வார்த்தை கெஞ்சினால் போதும், இந்த ஆஸ்பத்திரியே திரும்பிப் பார்க்கும். அவர் கெஞ்சவில்லை. "மாப்ள, அது எப்படி இருந்துச்சு?" என்கிறார். எனக்குப் புரியவில்லை. "எது?" "அதான், கண்மா மேல நின்னது. சுத்துச்சா, சும்மா நின்னுச்சா?" கண்ணைத் திறந்துவிட்டேன். சத்தியம், திறந்துவிட்டேன், வெளிச்சம் ஈட்டி மாதிரி இறங்கியது, எதுவும் தெரியவில்லை, வெள்ளைக்குள் ஒரு கறுப்புக் கட்டையாக அவர். மறுபடி மூடிக்கொண்டேன். "நீரு பாக்கலையா?" "மருந்து ரூமுக்குள்ள குனிஞ்சிருந்தேன். கூச்சல் கேட்டு வெளிய வாரேன், எல்லாரும் என்னையப் பாக்காக. மொதலாளி கேட்டாரு. வாய் தன்னால ஆமான்னுருச்சு. நிமிந்து பாக்கும்போது வானத்துல ஒண்ணுமில்ல." பார்க்கவே இல்லை. திருடினார் என்று நினைத்திருந்தேன், திருடனாவது பொருளைக் கண்ணால் பார்த்திருப்பானே. "அப்ப அருஞ்சுனைக்கு என்னத்தச் சொல்லிக் குடுத்தீரு?" "அவன் கேட்டான். ஏதாவது சொல்லணுமே. ஊருக்குச் சொன்ன பச்சையத்தான் சொன்னேன்." இதுதான் அந்தப் பச்சை, பார்க்காதவன் வாய்க்கு வந்த நிறம். "பச்சை இல்ல அத்தான்" என்றேன், "வெள்ளை." அவர் வாய்க்குள் வெள்ளை, வெள்ளை என்று இரண்டு தரம் சொல்லிப் பார்த்த மாதிரி இருந்தது. எனக்கு அவர் கழுத்தைப் பிடிக்கவேண்டும், அவர் எங்கே இருக்கிறார் என்று தடவிப் பார்க்கவேண்டும், தடவினால் கை அவர் கையில்தான் படும், அந்த எண்ணமே பிடிக்கவில்லை, கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. ஏலக்காய் வாசம். அதோடு இன்னொரு ஜோடிக் கால், வேகமான கால்.

"தம்பி, இந்தப் பிள்ளை உன்னத்தான் தேடுது" என்று அக்கா எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தாள். டீ கிளாசை என் கையில் திணித்து, சிந்திவிடுவேன் என்று மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். யாமினி எதிரே குத்தவைத்து உட்கார்ந்திருக்க வேண்டும், குரல் முழங்கால் உயரத்தில் இருந்து வந்தது. ரெக்கார்ட் பண்ணிக்கலாமா ஐயா என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா, "எழுதிக்கோம்மா. தட்டும் இல்ல, கிட்டும் இல்ல. எங்க வீட்டுக்காரரு செஞ்ச வாணம் அது. எம் மகன் அதத்தான் திரும்பச் செய்யப் போனான். ஒரு சிட்டிகைதான் குறைஞ்சு போச்சு" என்றாள். அந்தப் பிள்ளை மறுத்துப் பேசாமல், சரிம்மா என்றாள். நல்ல பிள்ளை. பிறகு என்னிடம், "ஐயா, நீங்க சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். அது கீழே இருந்து மேலே போச்சா, மேலே இருந்து கீழே வந்துச்சா?" என்றாள். கேட்டுவிட்டாள். இந்த ஊரில் பிறந்த ஒருத்தனுக்கும் கேட்கத் தோன்றாத கேள்வி, முதலாளி கேட்காதது, ஏஜெண்டு கேட்காதது, ஷெட்டு வெடித்த அன்றைக்கு வந்த போலீஸ்காரன்கூடக் கேட்காதது. கேட்டுவிட்டு நம்புவதற்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறாள். மேலே இருந்து, அவ்வளவுதான், மேலே இருந்து என்ற ஒரு வார்த்தை. தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அந்தப் பக்கம் அத்தானின் துருத்தி நின்றுவிட்டது, மூச்சையே காணோம். பயப்படு, நல்லாப் பயப்படு. சொன்னால் என்ன? அவர் பேர் போகும், போகட்டும், அது என்றைக்கோ போயிருக்க வேண்டிய பேர். அப்புறம் இந்த மணிக்கட்டைப் பிடித்திருக்கிற விரல்கள். அவை ஆடவில்லை, வெதுவெதுப்பாக இருக்கின்றன, டீ சிந்தாமல் பார்த்துக்கொண்டிருக்கின்றன, வேறு ஒன்றும் அவற்றுக்குத் தெரியாது. மேலே இருந்து என்று சொன்ன நிமிசத்தில் இந்த விரல்களுக்குள் அருஞ்சுனை இரண்டாவது தரம் சாவான், இந்தத் தடவை ஒன்றுக்கும் இல்லாமல், ஒரு பச்சைக்காக. எனக்கு வந்த கோபத்துக்கு அந்த டீயைச் சுவரில் அடித்திருக்கலாம். "கீழ இருந்துதாம்மா போச்சு" என்றேன். சொன்ன பிறகு நிறுத்த முடியவில்லை, நான் என்றைக்கு நிறுத்தியிருக்கிறேன். "திரி வச்சதே நாந்தான். அத்தான் கைய ஆட்டுனாரு, நான் ஊதுவத்திய வச்சுட்டு ஓடி வந்து லாரிக்கு அடியில படுத்தேன். குழாய விட்டுக் கிளம்பும்போது ஒரு சின்ன இருமல், அவ்வளவுதான் சத்தம். போச்சு, போச்சு, போச்சு, கண்மாய்க்கு நேரா போயி நின்னு பச்சையா விரிஞ்சுச்சு பாரு. அந்த மாதிரி எவனும் செய்யல. எங்க மருமகன்தான் கிட்ட வந்தான்."

நம்பிவிட்டாள். ஒரு குறுக்குக் கேள்வி இல்லை. "ஓ, அப்ப பட்டாசுதான். ரொம்ப தேங்க்ஸ் ஐயா, இவ்வளவு தெளிவா யாருமே சொன்னதில்ல" என்று எழுந்தாள், முழங்கால் சொடக்குப் போட்டது, போனை அணைக்கிற டிக். இந்த வருசத்தில் அவள் தீர்த்துவைத்த கணக்குகளில் நானும் ஒன்று, விளக்கம் கிடைத்தவை என்ற பக்கம். என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒரு மனுசப் பிறவி என் சொல்லைக் கேட்டுத் தலையாட்டியிருக்கிறாள், தலையாட்டியதைப் பார்க்கக்கூட எனக்குக் கண் இல்லை, ஆட்டியது எதற்கு என்று நினைத்தால் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. துருத்தி மறுபடி ஓட ஆரம்பித்தது. "நல்லாச் சொன்ன மாப்ள" என்றார் அவர். பேசாதீரும் என்றேன். அக்கா என் மணிக்கட்டை விட்டுவிட்டு, காலி கிளாசை வாங்கிக்கொண்டு, தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டினாள். "இத்தனை வருசம் கழிச்சு உன் வாயில இருந்தும் ஒரு உண்மை வந்துச்சே தம்பி" என்றாள். நர்ஸ் பிள்ளை யாருடைய பேரையோ கூப்பிடுகிறாள், என் பேர் இல்லை. டிவிக்காரன் அடுத்த வருசம் இன்னும் பல மர்மங்கள் விலகும் என்கிறான், விலகும், விலகும், நீயே போய் விலக்கு. அது மேலே இருந்து கீழேதான் வந்தது, ஐயா. வெள்ளை. சொல்ல வேண்டும் போல இருந்தால் தாராளமாக நாலு பேருக்குச் சொல்லுங்கள், அது உங்கள் இஷ்டம். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் பஸ்ஸில் எவனோ பேசிக்கொண்டிருந்தான் என்று சொல்லிவிடுங்கள். என் பேர் வேண்டாம். என் பேரைச் சேர்த்தால் ஊரில் ஒருத்தனும் நம்பமாட்டான், ஆனால் இன்றைக்குப் பிறகு சீனியம்மாள் ஒருத்தி நம்பிவிடுவாள்.